சூடானால் சரியாகிவிடும் வண்டி

மின்துறையில் இளநிலைப் பொறியாளராக இருக்கும் லூர்துநாதன், பிறர் வீட்டு இருட்டைப் போக்குவதில் கெட்டிக்காரர். முதலியார்பேட்டையில் ஒரு தெரு முழுக்க அணைந்து கிடந்தாலும் பதறமாட்டார். மின்தடத்தைப் பாதியாகப் பிரிப்பார். கோளாறு எந்தப் பாதியில் என்று பார்ப்பார். அந்தப் பாதியை மறுபடியும் பாதியாக்குவார். இப்படிப் பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு கம்பமும், அதில் கருகித் தொங்கும் ஓர் அணிலும் மிஞ்சும். உலகத்துக் கோளாறுகள் அத்தனையும் இந்த முறைக்குக் கட்டுப்படும் என்பது அவர் நம்பிக்கை. அவருடைய சொந்தக் கார் மட்டும் கட்டுப்படவில்லை.

அதை ஒரு கார் என்று சொல்வதுகூட வசதிக்காகத்தான். உடம்பு பழைய மாருதி ஜென். எஞ்சின், சென்னையில் விபத்தில் நசுங்கிப்போன ஒரு பெரிய காருடையது. சைலன்சர் எந்தக் காருக்கும் உரியதல்ல; வில்லியனூர் சாலையில் ஒரு வெல்டிங் பட்டறையில் பிறந்தது. அரசு ஊழியர் என்பதால் இந்த மாற்றங்களை எல்லாம் பதிவுப் புத்தகத்தில் முறைப்படி ஏற்றி முத்திரை வாங்கியிருந்தார். வண்டியை மாற்றுகிறவர்கள் சட்டத்துக்குத் தெரியாமல் மாற்றுவதுதான் ஊர் வழக்கம். சட்டத்தின் எல்லா வரிசையிலும் நின்று, படிவம் வாங்கி, அதன் பிறகு மாற்றியவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

இதெல்லாம் எதற்கு என்று யாராவது கேட்டால் அவரால் சரியாகப் பதில் சொல்ல முடியாது. ஆனால் பதில் இருந்தது. அவர் பார்க்கும் உத்தியோகத்தில் எதையும் பழையபடி ஆக்கத்தான் அனுமதி. வேறுமாதிரி ஆக்க அனுமதியில்லை. அறுந்த கம்பியை இழுத்துக் கட்டலாம், எரிந்த பெட்டியை மாற்றலாம். விளக்கு எரிந்ததும் தெருக்காரர்கள் அவரை மறந்துவிடுவார்கள், அதுதான் வேலை சரியாக நடந்ததற்கு அடையாளம். ஆகவே, தான் நினைத்தபடி ஒரு பொருள், தன் வாழ்நாளில் ஒன்றே ஒன்று, இருக்கட்டும் என்று அவருக்குத் தோன்றியது. சிலர் வீடு கட்டுகிறார்கள், சிலர் கவிதை எழுதுகிறார்கள். லூர்துநாதன் ஜென் காருக்குள் அதற்குக் கொள்ளாத எஞ்சினை வைத்தார்.

வைத்துக் கொடுத்தவர் ரெட்டியார்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் பலராமன். இருவரும் ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சில் தோற்றவர்கள். எஞ்சின் உள்ளே உட்கார்ந்ததும், முன்மூடியான பானெட்டில் நடுவாக ஓட்டை போட்டு ஒரு ஸ்கூப் வைக்கச் சொன்னார் லூர்துநாதன். பந்தயக் கார்களில் முன்பக்கம் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நிற்குமே, அந்தக் காற்று வாங்கி.

"இது எதுக்குய்யா?" என்றார் பலராமன். "காத்து வாங்க மூஞ்சியில ஏற்கெனவே மூக்கு இருக்குது. நெத்தியில இன்னொன்னு எதுக்கு?"

"அழகுக்குடா."

"அப்ப அழகுக்குன்னு சொல்லு. எஞ்சினுக்குன்னு சொல்லாத."

ஸ்கூப் வந்தது. அதன் வாய்க்கு நேர் கீழே, எஞ்சினின் தலையில், நான்கு ஆழமான குழிகளுக்குள் நான்கு ஸ்பார்க் பிளக்குகள் உட்கார்ந்திருந்தன. அப்போது இருவரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பொங்கல் கழிந்த வாரம் வண்டி கருவடிக்குப்பத்து வீட்டுக்கு வந்தது. பங்குச் சாமியார் வந்து மந்திரித்து, தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். லூர்துநாதனின் மனைவி வெரோனிகாவுக்குத் திருப்தி இல்லை. அவர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். அளவு குறைந்தால் பொறுக்கமாட்டார்.

"நாலு துளிதான் தெளிச்சாரு. சின்ன எஞ்சினுக்கு அது பத்தும். இது என்னா வேகம் போவுமோ தெரியல. மாதா குளத்துத் தண்ணி இருக்குது, கொஞ்சம் ஊத்தட்டுமா?"

வில்லியனூர் மாதா கோயில் குளத்திலிருந்து கொண்டுவந்த தண்ணீர் அந்த வீட்டில் எப்போதும் ஒரு பாட்டிலில் இருக்கும். தலைவலிக்கும் தேர்வுக்கும் அதுதான். லூர்துநாதனின் பெயரில் லூர்து வந்ததே அந்த மாதாவால்தான் என்றாலும், அவர் கோயிலில் கடைசி வரிசையில் நின்று, பிரசங்கம் தொடங்கியதும் செருப்பைப் பார்த்துக்கொள்வதற்காக வெளியே வருகிற வகை.

"எஞ்சினுக்கு ஞானஸ்நானமா?" என்றார். "சரி, பேரு என்னா வெக்கப் போற? ஞானத்தாய் யாரு, பலராமனா?"

வெரோனிகா உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வாயாடித்தனத்தால் வாதத்தில் ஜெயித்தவர்கள் பெரும்பாலும் விவரத்தில் தோற்கிறார்கள் என்பது லூர்துநாதனுக்கு வைகாசியில்தான் தெரிந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமையே மிஸ்ஸிங் அடித்தது.

நாலு பேர் தூக்கும் சப்பரத்தில் ஒருவன் மட்டும் அவ்வப்போது தோளை விலக்கிக்கொண்டால் சொரூபம் எப்படி ஆடும்? அப்படி ஆடியது வண்டி. நாலு பிளக்கில் ஏதோ ஒன்று தன் முறை வரும்போது பொறியைப் போடாமல் சும்மா இருந்தது. எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போய் அங்கே தன் இஷ்டத்துக்கு எரிந்து "பட்" என்றது. தெருநாய்கள் ஒரு முறை குரைத்தன. பிறகு அவையும் பழகிக்கொண்டன.

லூர்துநாதன் வாரநாளில் அலுவலகத்துக்கு ஸ்கூட்டரில் போவார். கார், ஞாயிறு பூசைக்கும் முக்கியமான பயணங்களுக்கும் மட்டும். எனவே முக்கியமான பயணங்களில் மட்டும் மிஸ்ஸிங் அடித்தது. கூடப் படித்தவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகையில் அடித்தது. கல்லூரி விடுதியில் இருக்கும் மகள் கவிநிலாவைப் பேருந்து நிலையத்தில் விடப் போகையில் அடித்தது. அந்தப் பெண் பாதி வழியிலேயே, "அப்பா, நான் ஆட்டோல போயிடறேன், ஃப்ரெண்ட்ஸ் நிப்பாங்க" என்று இறங்கிக்கொண்டாள். வண்டியைச் சும்மா எடுத்துக்கொண்டு பெட்ரோல் போடப் போனால் மட்டும் எஞ்சின் பாயசம் போல ஓடியது.

அதைவிடக் கொடுமை, பலராமனிடம் கொண்டுபோனால் அடிக்காது. வீட்டு வாசலில் தடதடக்கும். இந்திரா காந்தி சிலை வரைக்கும் முனகும். ரெட்டியார்பாளையம் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் சரியாகி, பலராமன் காதை வைத்துக் கேட்கும்போது ஒரு பிசிறு இருக்காது.

"வூட்டுல அழுவுது, ஆசுபத்திரிக்கு வந்தா சிரிக்குது" என்றார் பலராமன். "புள்ளைங்கதான் இப்படிப் பண்ணும். உன் வூட்ல ஏதாவது சண்டையா?"

"நீ எஞ்சின பாருடா."

பலராமன் பார்த்தார். பிளக்கை மாற்றினார், அடித்தது. பிளக் ஒயரை மாற்றினார், அடித்தது. பெட்ரோல் பங்க் மேல் சந்தேகம் வந்து டாங்கியைக் காலி செய்து வேறு பங்கில் நிரப்பினார்கள். அடித்தது. எர்த் சரியில்லாவிட்டால் எல்லாமே சரியில்லை என்பது மின்துறையின் வேதம். அதன்படி லூர்துநாதன் தானே உட்கார்ந்து வண்டியின் எர்த் ஒயர்களை எல்லாம் புதுசாக இழுத்தார். ஒரு துணை மின்நிலையத்துக்குத் தாங்கும் தடிமனில் இழுத்தார். வாசலில் ஸ்டார்ட் செய்ததும், முன்னைவிடத் தெளிவாக அடித்தது.

ஒருமுறை பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது அதன் கழுத்தில் துருவும், வெள்ளைப் பீங்கானில் உப்புப் படிந்தது போல ஒரு கோடும் இருந்தன.

"கடக்காத்து" என்றார் பலராமன். புதுச்சேரியில் எந்த மெக்கானிக்குக்கும் கடல் ஒரு பெரிய ஒத்தாசை.

"உன் பட்டறைல நிக்கிற எல்லா வண்டிக்கும் அதே கடல்தானடா? அதுங்க ஓடுதே?"

"அதுங்க ஒவ்வொன்னும் ஒரு வண்டி. உன்னுது மூணு வண்டி. எந்த வண்டிக்கு வலிக்குதுன்னு நான் யாருகிட்ட கேக்குறது?"

வெரோனிகாவின் தம்பி ஜெர்ரி, பிரான்சில் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று அங்கேயே இருக்கிறவர், வாட்ஸப்பில் வண்டியின் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "அல்லுமாழ், மாமா. கண்டிப்பா அல்லுமாழ்." பிளக், காயில் என்று பொறி போடுகிற சமாச்சாரம் எல்லாம் சேர்த்துப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் அது. பொறி சரியாக விழாததற்குப் பெயர்தான் மிஸ்ஸிங். அதைப் பிரெஞ்சில் சொன்னதால் நோய் தீராது என்று லூர்துநாதன் போனை வைத்துவிட்டு முணுமுணுத்தார். ஆனாலும் காயில்களை மாற்றினார். அடித்தது.

தண்ணீரை அவர் சந்தேகிக்கவே இல்லை என்று சொல்லக் கூடாது. மின்சாரக்காரனுக்கு முதலில் தோன்றும் சந்தேகமே அதுதான். மாசியில் ஒரு ஞாயிறு காலை பானெட்டைத் திறந்தபோது எஞ்சின் தலையில் ஈரம் மினுங்கியது. முந்தின நாள் மாலை தானே வண்டியைக் கழுவியது நினைவுக்கு வந்தது. ஆ, கையும் களவுமாகப் பிடித்தாயிற்று என்று, அன்றோடு வண்டி கழுவுவதை நிறுத்தினார். சிவப்பு வண்டி காவி நிறத்துக்கு வந்தது. எதிர் வீட்டுக்காரர் விரலால் அதன் மேல் "கழுவவும்" என்று எழுதிவிட்டுப் போனார். மிஸ்ஸிங் நிற்கவில்லை. மழையோ ஐப்பசிக்குப் பிறகு ஊர்ப்பக்கம் வரவில்லை. கழுவவும் இல்லை, மழையும் இல்லை. ஆகவே தண்ணீர் நிரபராதி என்று தீர்ப்பாகி, கோப்பு மூடப்பட்டது. முறையாக விசாரித்து விடுதலை செய்யப்பட்ட குற்றவாளியை மறுபடி பிடிப்பது எவ்வளவு சிரமம் என்பது போலீஸ்காரர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் ஈரத்தைத் தேடவே இல்லை.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது.

அன்று கோயிலில் மணி அடிக்கமாட்டார்கள்; மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். செருப்பைக்கூட ஓசைப்படாமல் கழற்றுகிற நாள். வீட்டிலிருந்து கோயில் கூப்பிடு தூரம்தான். நடந்தே போகலாம் என்றார் வெரோனிகா. வெயிலாக இருக்கிறது என்று வண்டியை எடுத்தார் லூர்துநாதன். கறுப்புச் சேலைகளும் வெள்ளைச் சட்டைகளும் தலைகுனிந்து உள்ளே போய்க்கொண்டிருந்த வாசலில் வண்டி ஒரு முறை நடுங்கி, "பட்" என்றது. அவர் பதறி எஞ்சினை அணைக்கப் போக, "பட், பட்" என்றது. ஜனம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

வரிசையில் நின்ற ஒரு பெரியவர் அருகில் வந்து, மிகவும் மெதுவாகச் சொன்னார்: "ஈஸ்டர் வெடிய ரெண்டு நாளைக்கு முன்னாடியே வெச்சுட்டீங்களே, தம்பி. ஆண்டவரு இன்னும் சாவவே இல்ல."

அன்று மாலை வெரோனிகா பேசியது இவ்வளவுதான்: "வித்துத் தொலைங்க. பத்து வருஷமா ஒரு சோபா வாங்க இடமில்லன்னு சொன்னீங்க, இந்தச் சக்களத்திக்கு மட்டும் வாசல் முழுக்க இடம். இனிமே இது இந்த வீட்டுல இருக்கக் கூடாது."

லூர்துநாதன் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். பலராமனிடம் சொல்லாமல், விழுப்புரம் சாலையில் கண்ணாடி போட்ட ஒரு சர்வீஸ் நிலையத்துக்கு வண்டியைக் கொண்டுபோனார். டை கட்டிய ஒரு பையன் வண்டிக்குக் கம்ப்யூட்டரை மாட்டி, நெடுநேரம் திரையைப் பார்த்துவிட்டு, "சார், இதுல மிஸ்ஸிங் இருக்கு" என்றான். எந்த சிலிண்டரில் என்று கேட்டதற்கு, "பொதுவா இருக்கு" என்றான்.

ரெட்டியார்பாளையத்தில் எதுவும் மறைவாக நடக்காது. பலராமன் போன் செய்தார்.

"கம்ப்யூட்டர்கிட்ட காட்டுனியாமே. என்னா சொல்லுச்சு?"

"மிஸ்ஸிங் இருக்குதாம்."

"அது தெரியாமதான் நாலு மாசமா நான் உன் வண்டிக்கு அடியில படுத்துக் கெடந்தேனா?"

"நீ பாத்த லட்சணத்தால்தானடா அங்க போனேன்."

பலராமன் "சரிங்க சார்" என்றார். இவ்வளவு காலப் பழக்கத்தில் அவர் லூர்துநாதனை சார் என்று கூப்பிட்டதில்லை.

அதற்குமேல் தாங்கவில்லை. வண்டியைப் படம் எடுத்து, விற்பனைக்கு என்று இணையத்தில் போட்டார். போடுவதற்காக அதைக் கழுவினார். கழுவும்போது ஸ்கூப்பின் வாயை ஒரு பிளாஸ்டிக் பையால் கட்டிக்கொண்டார். நிரபராதி என்று தீர்ப்பானாலும் தண்ணீரை அவர் முழுசாக நம்பவில்லை. கடலூரிலிருந்து முகிலன் என்ற இளைஞன் பேசினான். செல்போன் கடை வைத்திருக்கிறான். இப்படி ஒரு வண்டியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறானாம். ஞாயிறு காலை வந்து ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் கையோடு எடுத்துப் போவதாகச் சொன்னான். வெரோனிகாவிடம் சொன்னபோது, "நல்லதுதானே" என்றார். சொல்லிவிட்டு, எரியாத அடுப்பை ஒருமுறை அணைத்தார்.

ஞாயிறு காலை. கத்திரி வெயில் எழுந்திருப்பதற்கு முன்பே லூர்துநாதன் மொட்டைமாடிக்குப் போனார், தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க. மூடியைத் தூக்கினவர் தற்செயலாகக் கீழே பார்த்தார்.

வெரோனிகா வாசலில் நின்றிருந்தார். வீட்டுக் கதவை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். சேலைத் தலைப்புக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். நெற்றியிலும் மார்பிலும் தோளிலும் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு பாட்டிலின் மூடியைத் திறந்து, ரோஜாச் செடிக்கு ஊற்றுவது போல நிதானமாக, ஸ்கூப்பின் வாய்க்குள் கவிழ்த்தார். தண்ணீர் குபுக் குபுக் என்று இறங்கியது. பாட்டில் முழுவதும் தீர்ந்ததும், வெளியே சிந்தின சொட்டுகளைத் தலைப்பால் துடைத்தார். பானெட்டின் மேல் கையை வைத்து ஏதோ சொன்னார். உள்ளே போனார்.

லூர்துநாதன் தொட்டி மூடியைப் பிடித்தபடியே நின்றார்.

மெல்ல மெல்ல ஒவ்வொரு ஞாயிறாக அவருக்கு நினைவு வந்தது. முக்கியமான பயணம் என்றால், பட்டறைக்குப் போவது உட்பட, வெரோனிகா ஊற்றுவார். ஊற்றினால் பிளக் குழிகளில் தண்ணீர் நிற்கும். பொறி போக வேண்டிய வழியை விட்டு ஈரத்தின் மேல் ஓடிப்போகும். மிஸ்ஸிங் அடிக்கும். அடித்தால் வெரோனிகா அடுத்த முறை கொஞ்சம் கூடுதலாக ஊற்றுவார், கணக்கு டீச்சர். பலராமனிடம் போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் சூட்டில் எல்லாம் ஆவியாகி, சாட்சியே இல்லாமல் போய்விடும். பீங்கானில் இருந்த வெள்ளைக் கோடு கடலுடையதில்லை, குளத்துடையது. பெரிய வெள்ளிக்கிழமை விசேஷமான நாள். அன்று இரண்டு பாட்டில் போயிருக்கும்.

கோபம் வந்தது. சாதாரணக் கோபம் இல்லை. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இந்த ஊர் ஜனங்களிடம், ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதே, மோட்டார் மேல் தண்ணீர் ஊற்றாதே என்று தொண்டை வறளச் சொல்லி வந்தவர். நாலு மாதம் தன் வாசலிலேயே, தன் பெண்டாட்டியே, தான் போட்ட ஓட்டை வழியாகவே ஊற்றியிருக்கிறாள். கத்த வேண்டும் என்று படியிறங்கினார்.

பாதிப் படியில் ஒன்று இடறியது. விற்றுத் தொலை என்றவள்தானே. இன்றைக்குப் போகப்போகிற வண்டிக்கு எதற்குத் தண்ணீர்?

சமையலறையில் வெரோனிகா பாலைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். "அந்தக் கடலூர் தம்பி வர்ற நேரமாச்சு. காப்பி போட்டு வெக்கவா, இல்ல வந்தப்பறம் போடவா?" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கத்துவதற்கு வாயைத் திறந்த லூர்துநாதன், "வந்தப்பறம் போடு" என்றார்.

அதற்குள் வாசலில் ஹாரன் கேட்டது. முகிலன் ஒரு நண்பனின் பைக்கில் வந்து இறங்கினான். வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, ஸ்கூப்பைத் தடவி, "இதாண்ணே, இதுக்குத்தான் வந்தேன்" என்றான்.

பிளக் குழிகளை ஒரு துணியால் ஒற்றியெடுத்தால் போதும், வண்டி பாயசம் போல ஓடும். இவன் சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு போய்விடுவான். லூர்துநாதனுக்கு அது தெரிந்திருந்தது. துணி அவர் தோளிலேயே கிடந்தது. சாவியை எடுத்து முகிலனிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். விற்கிறவன் பொருளின் குறையை மறைப்பது உலக வழக்கம். இவர் அதன் ஆரோக்கியத்தை மறைத்தார்.

ஸ்டார்ட் செய்ததும் தடதடத்தது. கேட்டைத் தாண்டியதும் "பட்" என்றது. இத்தனை மாதத்தில் அந்தச் சத்தம் அவர் காதுக்கு இப்படி இனித்ததில்லை.

"மிஸ்ஸிங் அடிக்குதேண்ணே" என்றான் முகிலன்.

"ஆமா தம்பி. ரொம்ப நாளா இருக்குது. எல்லாம் மாத்திப் பாத்தாச்சு. யாராலயும் கண்டுபிடிக்க முடியல." இதில் பொய் என்று ஒரு சொல் இல்லை, மாடிக்குப் போகும் வரை எல்லாம் உண்மைதான்.

"எஞ்சினைத் திறக்கணுமோ?"

"திறந்தாலும் சொல்ல முடியாது."

முகிலன் உதட்டைப் பிதுக்கினான். லூர்துநாதன் மனசுக்குள் ஜெபம் போன்ற ஒன்றைச் செய்தார். ஆனால் பையன் திரும்பவில்லை. கொக்கு பார்க் சிக்னலைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் நேராகப் போனான். கோட்டக்குப்பம் நெருங்கும்போது தடதடப்பு குறைந்தது.

"இங்கயே திருப்பிக்கலாம் தம்பி."

"கொஞ்சம் போய்ப் பாக்கலாம்ணே."

"அந்தப் பக்கம் ஒரே டிராஃபிக்."

"ஞாயித்துக்கெழமைண்ணே, ரோடு காலி."

நாலு மாதம் போ போ என்று கெஞ்சியபோது போகாத மிஸ்ஸிங், நில் நில் என்று கெஞ்சும்போது போய்க்கொண்டிருந்தது. கடைசியாக ஒரே ஒரு முறை முனகியது. பிறகு நாலு பிளக்கும் ஒரே குரலில் பாட, வண்டி வழுக்கிக்கொண்டு பறந்தது. முகிலனின் முகம் மலர்ந்தது.

"அவ்வளவுதாண்ணே விஷயம். சூடானா சரியாயிடுது. இத நான் பாத்துக்கறேன். முடிச்சிடலாம்."

லூர்துநாதன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தண்ணீரும் கைவிட்டுவிட்டது. இனி அவர் வாய்தான் மிச்சம்.

"விக்கல தம்பி" என்றார்.

"என்னண்ணே?"

"விக்கல."

"கடலூர்லேர்ந்து வந்திருக்கேண்ணே. விளம்பரம் போட்டது நீங்கதானே?"

"நான்தான் போட்டேன். மன்னிச்சுக்க தம்பி. காப்பி சாப்ட்டுட்டுப் போ."

முகிலன் காப்பி சாப்பிடவில்லை. வாசலில் சாவியைக் கொடுத்தபோது, வயசுக்கு மரியாதை கொடுத்து, ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். அது இங்கே வேண்டாம்.

பைக் தெருமுனை திரும்பியதும் வெரோனிகா வெளியே வந்தார். வண்டியைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். "வேணாம்னுட்டாரா?"

"நான்தான் வேணாம்னேன்." பிறகு லூர்துநாதன் சொன்னார்: "நான் காலைல மாடியில நின்னேன், வெரோ."

வெரோனிகாவின் கை தலைப்புக்குப் போனது. "பாத்துட்டீங்களா?"

"விக்கச் சொன்னவ நீ. அப்பறம் எதுக்கு ஊத்துன?"

"விக்கணும்னு உங்ககிட்டத்தான் சொன்னேன். மாதாகிட்ட சொல்லல" என்றார் வெரோனிகா. "மாதாகிட்ட வண்டி நல்லா ஆவணும்னுதான் கேட்டேன். மொத நாள்லேர்ந்து அதத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். அது நின்னுட்டா உங்க மூஞ்சி போற போக்கப் பாக்க முடியுதா?"

லூர்துநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார். விளக்க வேண்டிய கடமை இருந்தது. இல்லாவிட்டால் அடுத்த ஞாயிறும் அடிக்கும். "தண்ணி ஊத்துறது தப்பில்ல வெரோ. ஆனா அந்த எடத்துல..."

"மாதா தண்ணியாலதான் வண்டி கெட்டுச்சுன்னு சொல்றீங்களா?"

"சேச்சே. எடத்தத்தான் சொல்றேன். வேணும்னா டயர் மேல ஊத்து, பம்பர் மேல ஊத்து."

"தலைவலிக்குக் கால்லயா தைலம் தடவுவாங்க? நோவு எங்க இருக்குதோ அங்கதான மருந்து" என்றார் வெரோனிகா. "இன்னைக்கும் ஊத்தினேன். வண்டி திரும்பி வந்து நிக்குது. அப்பறம் என்னா?"

நடந்ததை எப்படிப் பாதியாகப் பிரித்துப் பார்த்தாலும் இரண்டு பாதியிலும் வெரோனிகா சொன்னதே சரியாக இருந்தது.

மறுநாள் லூர்துநாதன் ரெட்டியார்பாளையம் போனார். பலராமன் ஏதோ ஒரு வேனுக்கு அடியில் இருந்தார். வெளியே வராமலே, "கம்ப்யூட்டர் ரிப்பேரா சார்?" என்றார். லூர்துநாதன் தரையில் குந்தி உட்கார்ந்து, வேனுக்கு அடியில் குனிந்து எல்லாவற்றையும் சொன்னார். வேன் குலுங்கியது. சிரித்து முடித்து வெளியே வந்தபோது பலராமன் கண்ணில் தண்ணீர்.

"நான்தான் சொன்னேனே, நெத்தியில இன்னொன்னு வேணாம்னு. வாயத் தொறந்துக்கிட்டு நின்னா யாரும் ஊட்டத்தான செய்வாங்க."

"மூடிடலாமா?"

"மூடுனா தங்கச்சி பானெட்ட தொறக்கச் சொல்லும். வேற வழி பாரு."

வேறு வழி என்பது மின்துறைக்காரருக்குப் பழக்கமானது. மழைத்தண்ணீரைத் தடுக்க முடியாது, வடிகால் போடலாம். ஸ்கூப்பின் உள்வாயில் ஒரு புனலைப் பொருத்தி, அதிலிருந்து ஒரு ரப்பர் குழாயை எஞ்சினுக்குப் பக்கவாட்டில் இறக்கி, முன் சக்கரத்துக்கு அருகில் விட்டார்கள். அதன் பிறகு காற்று வாங்க ஸ்கூப்பில் இடமே இல்லை. அழகுக்கு மட்டும் என்று பலராமன் முதல் நாள் சொல்லச் சொன்னது கடைசியில் அப்படியே ஆயிற்று. வெரோனிகா ஞாயிறுதோறும் ஊற்றினார். தண்ணீர் தரையில் இறங்கி, கேட்டோரத்தில் காய்ந்து கிடந்த செம்பருத்தியைத் தழைக்க வைத்தது. வண்டி ஆனி முழுக்க, ஆடி முழுக்க, ஒரு பிசிறு இல்லாமல் ஓடியது. மாதா செய்த நன்மை என்று வெரோனிகா கோயிலில் எல்லோரிடமும் சொன்னார். லூர்துநாதன் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

ஆவணியில் ஒரு ஞாயிறு. மகளைப் பேருந்து நிலையத்திலிருந்து கூட்டிவர வண்டியை எடுத்தார். ஸ்டார்ட் செய்தார். தடதடத்தது. "பட்."

அவர் இறங்கி பானெட்டைத் திறந்தார். புனல் பொருத்தியபடியே இருந்தது. நாலு குழியிலும் துணியை விட்டுத் துழாவினார். துணி சுக்குப் போல உலர்ந்து வந்தது. இரவு மழையும் இல்லை. தண்ணீர் இந்த முறை உண்மையிலேயே நிரபராதி. பிளக்கா, காயிலா, ஒயரா, பெட்ரோலா, கடலா. ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டும்.

சத்தம் கேட்டு வெரோனிகா வாசலுக்கு வந்தார்.

"மறுபடியும் அடிக்குதா?"

"ம்."

"இன்னைக்கு ஊத்தலீங்க. பாட்டில் காலி. வர்ற சனிக்கெழமைதான் வில்லியனூர் போவணும்." கொஞ்ச நேரம் வண்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.